ஓபர்வால்டிலிருந்து நீடர்வால்ட் வரை

பிரிக், சுவிற்சர்லாந்து
பெப்ரவரி 21

அன்புள்ள நண்பருக்கு,

தீபாவளிக்கு நீர் எழுதிய கடிதத்துக்கு மாசி மாதத்தில் பதில் வருகிறது என்று ஏசுவீர். ஏசும், எனக்கு அது வேண்டியதுதான். கை முறிந்துவிட்டதா என்று இடையில் கேட்டிருந்தீர். முறியவில்லை, ஆனால் முறிந்திருக்கக்கூடிய ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் இந்தப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். சின்னமாமியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்துவிட்டது. இப்போது எல்லோருடைய குறையும் அவருக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நெட்டையனின் மகள் கலியாணத்துக்கு நான் போகாததற்கு அவன் இன்னும் முகம் திருப்பிக்கொண்டிருக்கிறான். நீராவது ஒரு வார்த்தை சொல்லி வையும்.

இனிச் சங்கதிக்கு வருகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை நான் கோம்ஸ் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் உள்ள ஓபர்வால்டில் ரயிலால் இறங்கி, அங்கிருந்து நீடர்வால்ட் வரை, 12 ஊர்களைத் தொட்டுக்கொண்டு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தை ஸ்கீயில் கடந்தேன். சிரித்து முடிக்கும் வரை காத்திருக்கிறேன். முடித்தாயிற்றா? தொடர்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு எனக்குப் புதிதல்ல என்பது உமக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான்கு குளிர்காலம் அங்கே ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். கழுவுதொட்டிக்கு மேலே ஒரு சன்னல் இருந்தது. ஆவி படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தால், வெள்ளை வயலின் நடுவே மனிதர்கள் வரிசையாக, தலை கூட அசையாமல், வழுக்கிக்கொண்டு போவார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பிரிக்குக்கு இறங்கி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேறு சமையலறைகளில் நின்றேன். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றதும் முழங்கால் இரண்டும் ஒரே குரலில் முறையிடத் தொடங்கின. ஓடக் கூடாது, ஆனால் சும்மா இருக்கவும் கூடாது என்றார் மருத்துவர். மகள் உடனே, "அப்பா, நீங்கள் லாங்லவுஃப் பழகுங்கள், அதில் முழங்காலுக்கு அடி விழாது" என்றாள். லாங்லவுஃப் என்றால் மலையிலிருந்து இறங்காமல், சமதரையில் ஸ்கீயில் நெடுந்தூரம் போவது. அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தவள். குளிர்காலத்தில் ஒரு வாரம் வகுப்பையே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார்கள்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாளிலிருந்து மூன்று பாடம் எடுத்தேன். தொலைக்காட்சியில் நீர் பார்க்கும், மலை உச்சியிலிருந்து தலைகுப்புற விழுவது போன்ற விளையாட்டு வேறு, இது வேறு. இதில் ஸ்கீ மெல்லியது, பாரமில்லாதது. சப்பாத்தின் முனை மட்டும் அதில் பூட்டப்பட்டிருக்கும், குதிக்கால் எழுந்து எழுந்து தாழும். இரவில் ஒரு பெரிய இயந்திரம் வயல் முழுவதும் போய்ப் பனியை அமுக்கி, அதில் தண்டவாளம் போல இரண்டு தவாளிப்புகளை வெட்டிவிட்டுப் போகும். அந்தப் பாதையை லொய்ப்பே என்பார்கள். என்னைப் போன்றவர்கள் அந்தத் தவாளிப்புக்குள் காலை வைத்துக்கொண்டு நேராகப் போவார்கள். இளவட்டங்கள் பக்கத்தில் உள்ள அகலப் பாதையில், பனிக்கட்டியில் சறுக்குகிறவர்களைப் போலக் காலை விரித்து விரித்துப் பறப்பார்கள்.

என்னை மயக்கியது ஸ்கீயின் அடிப்பக்கம். நடுவில் ஒரு சாணுக்கு மேல் நீளமாக, ஆட்டு மயிரில் செய்த ஒரு பட்டி ஒட்டியிருக்கிறது. பாரை மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் கையைப் பிடிக்கும் அல்லவா? அதே சூத்திரந்தான். ஸ்கீ வில்லைப் போல நடுவில் சற்று மேலே வளைந்திருக்கும்; உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலில் போட்டு மிதித்தால் அந்தப் பட்டி பனியைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும், பாரம் இரண்டு கால்களிலும் பரவினால் பட்டி மேலெழுந்து ஸ்கீ வழுக்கும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. கால்கள் விளங்கிக்கொள்ள மூன்று கிழமை எடுத்தன. "நடக்கிறீர், நடக்கிறீர்!" என்று பழக்கிய பெண்மணி, ஜெர்மன் பேசும் மற்றச் சுவிஸ்காரருக்கே முழுதாக விளங்காத வாலிஸ் மொழியில் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு காலில் முழுப் பாரத்தையும் நம்பி ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வேதம். நம் கணக்கு வாத்தியாரின் பிரம்பு மட்டுந்தான் அவர் கையில் இல்லை.

பயணம் முதலில் அதற்கு முந்திய வாரம் என்றிருந்தது. அந்த வாரம் மூன்று நாள் தொடர்ந்து பனி கொட்டியது. இங்கே குளிர்காலம் முழுவதும் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காம் படி என்று அறிவித்ததும் லொய்ப்பேயின் சில பகுதிகளை மூடிவிட்டார்கள். ஊரில் இருந்தபோது நாம் வானொலிச் செய்திக்குக் காத்திருந்தது போல நான் ஒவ்வொரு மாலையும் 5 மணிக்குக் காத்திருந்தேன். மூன்றுக்கு இறங்கியது, பிறகு இரண்டுக்கு இறங்கியது, நான் டிக்கெட் எடுத்தேன்.

ஓபர்வால்ட் 1368 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேதான் ஃபுர்கா மலையைக் குடைந்த 15.4 கிலோமீட்டர் சுரங்கத்தின் வாய் இருக்கிறது. 1982இல் அது திறக்கப்படும் வரை குளிர்காலத்தில் ரயில் அதற்கு அப்பால் போகாதாம்; மலைக்கு மேலே போன பாதையைப் பனி மூடிவிடும். நிலையத்தில் இறங்கியபோது பூச்சியத்துக்குக் கீழே 14 பாகை. மூக்கின் உள்ளே மயிர் உறைந்து குத்தியது. ஸ்கீயைப் பூட்டி முதல் அடி வைத்ததும் பனி, புதுச் செருப்பைப் போலக் கிரீச்சிட்டது.

பள்ளத்தாக்கின் அடியில், ரோன் நதியின் ஓரமாகப் பாதை போகிறது. பிரான்சில் பெருநதியாக ஓடும் அந்த ரோன் இங்கே ஒரு வாய்க்கால். பெயர் கூட வேறு, ரொட்டன் என்கிறார்கள். ஊர்கள் பெரும்பாலும் வெயில் விழும் வடக்குக் கரையில் இருப்பதால், நான் நிழலில் விறைத்துக்கொண்டு போக, அவை பொன்னிறமாக என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. வெயிலில் கறுத்த மரவீடுகள், காலுக்கும் களஞ்சியத்துக்கும் இடையில் எலி ஏறாமல் வட்டக் கல் வைத்த தானியக் களஞ்சியங்கள். வன்னியில் உமது பெரியப்பா வீட்டுக் கொம்பறையை இவர்கள் எப்போது பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றும். இடையில் ஓபர்கெஸ்டெல்ன் மட்டும் கல்வீடுகளால் ஆனது. 1868இல் ஊர் முழுவதும் தீயில் எரிந்துபோன பிறகு கல்லால் கட்டினார்களாம்.

உல்ரிஹென் வரை என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு, கெஷினெனை நெருங்கும்போது, ஏதோ ஒன்று பொருந்தியது. கால் மிதிக்கிறது, எதிர்க்கை தடியை ஊன்றுகிறது, ஸ்கீ போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, நிற்கப்போகும் தறுவாயில் மற்றக் கால் மிதிக்கிறது. யாரும் என்னைத் தள்ளவில்லை, நானும் எதையும் தள்ளவில்லை. ஒரு கோயிற் கோபுரம் பின்னால் மறைவதற்குள் அடுத்த ஊரின் கோபுரம் முன்னால் எழுந்துவிடும். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு நீரும் நானும் ஒரே சைக்கிளில் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை என்று கடலை வலக்கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். நீர் கரியரில் இருந்துகொண்டு, காற்று எதிரே அடிக்கிறது என்று நான் சொன்னதை நம்பாமல் சாப்பிட்டுக்கொண்டே வந்தீர். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் போரால் இடம்பெயர்ந்த பிறகு அந்த வீதியில் எத்தனை ஆண்டுகள் ஒருவரும் அப்படிப் போக முடியவில்லை! ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு யாரிடமும் கேளாமல் போவதை நான் அதற்குப் பிறகு என் உடம்பால் செய்யவே இல்லை போலிருக்கிறது. எல்லாம் ரயிலும் பஸ்ஸும் வேலை நேரமுமாகவே போயிற்று. தவாளிப்பின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒரு கிழவி தடியால் என் ஸ்கீயின் வாலைத் தட்டி, வழி விடும்படி சொன்னார். எண்பது வயது இருக்கும். வழி விட்டதும் புகைவண்டி போலப் போய் மறைந்துவிட்டார்.

மூன்ஸ்டரில் உருக்கிய பாற்கட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். தேவாலயத்தில் 1509ஆம் ஆண்டு செய்த மரப் பீடம் ஒன்று இருக்கிறது. நம்மூர்த் தேர்ச் சிற்பிகள் பார்த்தால் ஒரு நாள் முழுவதும் குறை கண்டுபிடித்துவிட்டு இரண்டாம் நாள் தனியாக வந்து மீண்டும் பார்ப்பார்கள்.

ரெக்கிங்கனில் வெயில் என் பக்கம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த இடத்தில் நான் வேகமாகவே போனேன். 1970ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி விடியற்காலையில் பனிச்சரிவு இறங்கி அங்கே 30 பேர் இறந்தார்கள். அவர்களுள் பலர் அங்கே தங்கியிருந்த இராணுவ அதிகாரிகள். ஹோட்டலில் என்னோடு வேலை செய்த ஒரு வயதானவர் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். சத்தம் கேட்டதா என்று நான் கேட்டேன். சத்தம் நின்ற பிறகு வந்த அமைதியைத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுக் கரண்டிகளைத் துடைக்கத் தொடங்கினார். மேலே பார்த்தேன், நீல வானமும் வெள்ளைச் சரிவும் படத்தில் போல இருந்தன. நான்காம் படி அறிவித்த அந்த மூன்று நாள்களும் எரிச்சல்பட்டதற்காக மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இனி நீர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி. பிளிட்சிங்கனுக்குப் பிறகு ஒரு சிறு இறக்கம். தவாளிப்பு முடிந்துவிட்டது, ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஏர்போல வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் ஏரை வைத்தேன், உழவு நடக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பாகக் கீழே நின்றார்கள். அவர்களுடைய காலடியில், ஒரு ஸ்கீ வடக்கும் மற்றது தெற்கும் பார்க்க, மல்லாந்து போய்ச் சேர்ந்தேன். ஒரு சிறுமி மிகுந்த மரியாதையோடு என் தொப்பியை எடுத்துத் தந்து, முதலில் பக்கவாட்டில் புரண்டு பிறகு முழங்காலில் எழும்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். சொல்லித் தருவதற்கு என்னிடம் பணம் வாங்கியவர்கள் அதைச் சொல்லித் தரவில்லை.

நீடர்வால்ட் வந்து சேர்ந்தபோது ஐந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. 2024 சனவரியில் உலகக் கிண்ணப் போட்டி இதே பள்ளத்தாக்கில்தான் நடந்தது. அவர்கள் 20 கிலோமீட்டரை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்பதை வேறு யாராவது உமக்குச் சொல்வதற்கு முன்னர் நானே சொல்லிவிடுகிறேன். ரயிலுக்கு நேரம் இருந்தது. சேசார் ரிட்ஸின் கல்லறையைப் பார்க்கப் போனேன். 1850இல் இந்தக் குக்கிராமத்தில் ஒரு விவசாயிக்குப் 13ஆவது பிள்ளையாகப் பிறந்தவர். பிரிக்கில் ஒரு ஹோட்டலில் வேலை பழகும்போது, இந்தத் தொழிலுக்கு நீ உதவமாட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று இங்கே கதை சொல்வார்கள். 1898இல் பாரிசில் தம் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார். என் தொழிலின் குலதெய்வம் என்று வைத்துக்கொள்ளும். என்னையும் ஒரு முதலாளி அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் நான் பாரிசுக்குப் போகவில்லை, அடுத்த சமையலறைக்குத்தான் போனேன். நனைந்த காற்சட்டையோடு சிறிது நேரம் அங்கே நின்றுவிட்டு, சிவப்பு ரயிலில் ஏறிப் பிரிக் வரை நித்திரை கொண்டேன்.

இப்போது உம்முடைய விஷயம். முப்பத்தைந்து ஆண்டுகளாக ரொறன்ரோவில் இருந்துகொண்டு, பனி என்பது வாசலில் கிடக்கும் கடன்காரன், சவளால் அள்ளி அப்புறப்படுத்துவதற்கே படைக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டிருக்கிறீர். வருகிற பெப்ரவரியில் இரண்டு கிழமை இங்கே வாரும். தோற்றுப்போவதற்கு வசதியான பள்ளத்தாக்கு இது. அநேகமாக ஒவ்வோர் ஊரிலும் ஒரு நிலையம் இருக்கிறது, களைத்த இடத்தில் ரயிலில் ஏறிக்கொள்ளலாம். உல்ரிஹெனிலிருந்து மூன்ஸ்டர் வரை போதும், அதற்கு மேல் உம்மை வற்புறுத்தமாட்டேன். ஆனால் தள்ளிப்போடாதேயும். பிரிக்கில் நான் வந்த காலத்துப் பனி இப்போது விழுவதில்லை. முன்னர் வீட்டு வாசலில் கிடந்ததைப் பார்க்க இப்போது ரயிலேறிப் போகவேண்டியிருக்கிறது. பள்ளத்தாக்கின் உயரம் இன்னும் காப்பாற்றுகிறது. நம் முழங்கால்களும் இன்னும் காப்பாற்றுகின்றன. இரண்டில் எது முந்தும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

செலவைப் பற்றி யோசியாதேயும். ஸ்கீயும் தடியும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கலாம். தடியின் உயரத்துக்கு உமது உயரம் எனக்குத் தெரியும், நீர் சொல்லிக்கொள்ளும் உயரத்திலிருந்து இரண்டு அங்குலம் குறைத்துவிடுவேன். சப்பாத்துத்தான் சிக்கல். இங்கே எல்லாம் ஒடுக்கமான பாதத்துக்குச் செய்தவை. உமது பாதத்தை அந்தக் கீரிமலைக் கேணிப் படியில் பார்த்தவன் என்ற முறையில் கவலைப்படுகிறேன். கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒரு கடதாசியில் காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பதில் கடிதத்தோடு அனுப்பும். இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் போடும்.

உமது பழைய சைக்கிள்காரன்