மக்காசார் நீரிணை வழியாகப் போனபோது

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது, கப்பலில் இருந்ததால் இப்போதுதான் எழுத முடிகிறது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

இந்தத் தடவை ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாது ஏற்றி ஜப்பான் போனோம். இந்தோனேசியாவில் பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் நடுவே நுழைந்து, அப்புறம் போர்னியோ, சுலவேசி என்ற பெரிய தீவுகளுக்கு இடையில் மக்காசார் நீரிணை வழியாக வடக்கே ஏறினோம். அங்கே நீரோட்டம் எதிரே வந்தது. நம் ஊரில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தைப் பார்த்துத்தானே உன் அப்பா வலை விடுவார், அது நினைவுக்கு வந்தது. ஆனால் இது நாம் பார்த்த அளவே இல்லை. பசிபிக்கின் மேற்குப் பக்கம் காற்று தண்ணீரைத் தள்ளிக் குவித்து வைப்பதால் அங்கே கடல்மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடக் கொஞ்சம் உயரம். அந்தத் தண்ணீர் தெற்கே இறங்குவதற்கு முக்கிய வாசல் இந்த நீரிணைதான். வினாடிக்கு ஏறக்குறைய 1.2 கோடி கன மீட்டர் போகிறது! உலகத்து ஆறுகளையெல்லாம் சேர்த்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும்.

மேற்கே மகாகம் ஆறு கலக்கும் பக்கமிருந்து பெரிய மரக்கட்டைகள் மிதந்து வரும், ராத்திரி காவலில் கண்ணை மூட முடியாது.

நீ உயிரியல் எடுப்பவன், உனக்கு இதைச் சொல்ல வேண்டும். பனியுகத்தில் கடல் 120 மீட்டர் வரை இறங்கியபோது போர்னியோ ஆசியாவோடு நிலமாகவே சேர்ந்திருந்தது, இந்த நீரிணை மட்டும் வற்றவில்லை, 2000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் போர்னியோவில் ஒராங்குட்டான் உண்டு, சுலவேசியில் கிடையாது. அங்கே குள்ள எருமையும், மேல்தந்தம் மூக்கைத் துளைத்துக்கொண்டு வளையும் பன்றியும், வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் கஸ்கஸும் இருக்கின்றன. குறுகிய இடத்தில் அகலம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், நாங்கள் ஒரு பகலில் ஓடுகிற தூரம்கூட இல்லை. 1850களில் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் இந்தத் தீவுகளில் அலைந்து, பறவைகளையும் விலங்குகளையும் பார்த்தே, ஆசிய விலங்குகளின் எல்லை இது என்று இந்த நீரிணை வழியாக ஒரு கோடு போட்டார். கடலின் ஆழத்தை யாரும் சரியாக அளக்காத காலத்தில், சேவியர்! கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தில் நின்று ஆழமானியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பழைய வரைபடத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், உன் வகுப்புச் சுவரில் மாட்டலாம். கிறிஸ்துமஸுக்கு ஊரில் இருப்பேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
ராஜன்