இளையோர் நாவலுக்கு இளையோரே மார்க் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டி நீங்கள் வெளியிட்ட ‘இளையோர் படிக்க வேண்டிய நாவல்கள்’ பட்டியலைப் பார்த்தோம். தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிந்துரைத்தவர்கள் எல்லாரும் எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், பதிப்பாளர்கள். பதினைந்து வயதுக்காரர் ஒருவரைக்கூடக் காணோம்.

இது உங்கள் இதழில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. சாகித்திய அகாதமி 2010 முதல் 24 மொழிகளில் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைக் கொடுத்து வருகிறது, தேர்ந்தெடுப்பவர்கள் பெரியவர்கள்தான். ஜெர்மனியில் 1956-இல் தொடங்கிய இளையோர் இலக்கிய விருதிலும் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. 2003-இல் இளையோர் நடுவர் குழு ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். நாட்டின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த ஆறு வாசிப்புக் குழுக்கள் படித்துப் பேசி, ஆறு புத்தகங்களை இறுதிப் பட்டியலுக்கு அனுப்புகின்றன. பிரான்சில் ரென் நகரில் 1988-இல் தொடங்கிய பள்ளி மாணவர்களின் கோன்கூர் பரிசுக்குச் (கோன்கூர் என்பது அந்நாட்டின் பெயர்பெற்ற இலக்கியப் பரிசு) சுமார் 2,000 பேர் இரண்டே மாதத்தில் பதினைந்து நாவல்கள் வரை படித்து வாக்களிக்கிறார்கள். அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நாவல்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நாம் விருது வரைக்கும் போக வேண்டியதில்லை. ஊர்ப்புற நூலகமோ உங்கள் இதழோ பத்துப் பிள்ளைகளிடம் நாவலைக் கொடுத்துக் கருத்துக் கேட்டே இதைத் தொடங்கலாம். கேட்கிற விதம் தப்பினால் மட்டும் வருவதெல்லாம் வாழ்த்துரையாக இருக்கும்.

‘இந்தக் கதையில் நீ கற்றுக்கொண்டது என்ன?’ என்று கேட்டால் போச்சு. முன்னுரை, முடிவுரையோடு தேர்வுத்தாள் கட்டுரை ஒன்று வந்து சேரும். ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டாலும் பயனில்லை. பெரும்பாலும் நான்கு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்று கேள்விகள் போதும். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினாய்? கதையில் வருகிறவர்கள் பேசுவதில் எந்த வரியை நீ வாழ்க்கையில் பேசவே மாட்டாய்? வகுப்பில் எப்படிப்பட்ட ஆளிடம் இதைக் கொடுப்பாய்? அஞ்சலட்டை அளவில் ஒரு சீட்டு, கையெழுத்தில். பெயர் வேண்டாம், வயது வேண்டும். தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு 160 பக்க நாவல் இரண்டு வாரம் இழுக்கும். அலுப்பு கதையால் வந்ததா, வாசிப்பு வேகத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு குறிப்பு உதவும்.

சீட்டை எழுதி வாங்கிய பிறகுதான் கூடிப் பேச வேண்டும். முதலில் பேசவிட்டால், சத்தமாகப் பேசுகிற ஒருவரின் கருத்தே பத்துச் சீட்டிலும் வரும். 13, 14 வயதினரை 16, 17 வயதினரோடு சேர்த்து உட்கார வைத்தால் சின்னவர்கள் தலையாட்டுவதோடு சரி. நூலாசிரியர் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது. தமிழாசிரியரும் வெளியே நின்றால் நல்லது!

பிரதிகளின் கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பத்துப் பேருக்கு ஒரே பிரதி, ஆளுக்கு ஒரு வாரம் என்றால் பத்து வாரம் ஆகும். கடைசி ஆள் முடிக்கும்போது முதல் ஆளுக்குக் கதையே மறந்திருக்கும். மூன்று பிரதி இருந்தால் நான்கு வாரத்தில் முடியும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த வாரங்களில் புத்தகம் கொடுத்தால் ‘30-ஆம் பக்கத்தில் நிறுத்தினேன்’ என்பதற்கு அர்த்தமே வேறு. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு சுற்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும்? நிறுத்திய பக்கங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் 25-க்கும் 40-க்கும் நடுவில் நின்றிருந்தால் அந்தப் பக்கங்களைத் திறந்து படிக்க வேண்டும். அங்கே ஊர் வரலாறோ தாத்தாவின் சிறுவயது நினைவுகளோ ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் அதிகம் எரிச்சல்படுவது கடைசி அத்தியாயத்தில்தான்: தலைமையாசிரியரோ விஞ்ஞானி மாமாவோ வந்து இரண்டு பக்கத்துக்குப் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி விளக்குவார். அடுத்தது உரையாடல். ‘நண்பா, இன்று மாலை நாம் ஏரிக்கரைக்குச் செல்வோமா?’ என்று பத்தாம் வகுப்புப் பையன் பேசினால் அந்த வரியின் கீழே பென்சில் கோடு விழும். இன்றைய கொச்சையை அள்ளிப் போட்டாலும் தப்பிக்க முடியாது. இரண்டு வருடத்தில் அது பழசாகி ‘கிரிஞ்ச்’ (படிக்கவே கூசுகிறது) என்று எழுதிவிடுவார்கள். காட்டில் தொலைந்துபோகிற நாலு பேரிடமும் செல்போன் ஏன் இல்லை என்பதும் அடிக்கடி வருகிற கேள்வி. ‘டவர் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் சமாதானமாகிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்கு நம் எழுத்தாளர்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்களோ!

பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளாத புகார் இன்னொன்று உண்டு. பதினாறு வயதுப் பாத்திரங்களுக்கு ஈர்ப்பு, பொறாமை, உடம்பைப் பற்றிய கூச்சம் எதுவுமே கிடையாது. நீட் பயிற்சிக் கட்டணத்துக்கு வீட்டில் நடக்கிற சண்டையும் கிடையாது. துப்பறிகிறார்கள், புதையல் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். விட்டுப்போனதைத் தேடித்தான் பிள்ளைகள் பிரதிலிபி, வாட்பேட் போன்ற இணையக் கதைத் தளங்களுக்குப் போகிறார்கள். அங்கே எடிட்டர் கிடையாது, எது வேண்டுமானாலும் இருக்கும். அட்டையில் பெரிய கண் வைத்த கார்ட்டூன் பையனைப் போட்டு, உள்ளே எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் பதினாலு வயதுக்காரர் அதைப் பேருந்தில் வெளியே எடுக்கக்கூட மாட்டார் என்பதையும் பதிப்பகத்தார் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று நாங்கள் வாதாடவில்லை. மெதுவாகத் தொடங்கும் நல்ல நாவலை அவர்கள் அநியாயமாகக் கைவிடுவதுண்டு. அதனால் பெரியவர் எழுதும் மதிப்புரை இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே நான்கு சீட்டுகளை எழுத்துப்பிழை மட்டும் நீக்கி அப்படியே அச்சிடுங்கள். வயது போதும், பெயர், பள்ளி, படம் எதுவும் வேண்டாம். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நான்கில் குறைந்தது இரண்டு ‘பாதியில் விட்டேன்’ என்று சொல்கிற சீட்டாக இருக்கட்டும். எழுத்தாளர் கோபித்துக்கொண்டால் அவருடைய பதிலையும் அடுத்த இதழில் போடலாம்.

பதிப்பகங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் படியை ஐந்து நகல் எடுத்து, ஸ்பைரல் போட்டு, அந்த வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் பென்சிலோடு கொடுத்தால் போதும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. அட்டை ஓவியரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தினர்,
தஞ்சாவூர் மாவட்டம்.