இறக்கியது யார்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற கையோடு வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ‘அன்சீட்’, ‘டிபோஸ்’, ‘அவுஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ‘பதவியிலிருந்து நீக்கினர்’ என்றே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். இறக்கியது யார், எந்த உரிமையில் இறக்கினார் என்பதெல்லாம் அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது.

குதிரையையே எடுத்துக்கொள். ‘டிஸ்மவுன்ட்’ என்றால் பெரும்பாலும் அவனே இறங்கினான். ‘அன்ஹார்ஸ்’ என்றால் எதிராளி ஈட்டியால் இடித்துத் தள்ளியது நினைவுக்கு வரும். பிரிட்டனின் தடைதாண்டும் பந்தயக் குறிப்புகளில் குதிரையே விழுந்தால் ‘ஃபெல்’. குதிரை விழாமல் ஆள் மட்டும் விழுந்தால் ‘அன்சீட்டட் ரைடர்’. வேறொரு குதிரையால் சாய்ந்தால் ‘ப்ராட் டவுன்’. எவ்வளவு நியாயமான கணக்கு பார்! இதே ‘அன்சீட்’ தேர்தலுக்கும் வரும், பதவியில் இருப்பவரைத் தோற்கடித்து அவர் இடத்தைப் பிடிப்பதற்கு.

‘அவுஸ்ட்’ நில வழக்குகளில் புழங்கிய சொல். நிலத்தைக் கைவசம் வைத்திருந்தவரை வெளியே தள்ளுவது. அந்த முரட்டுத்தனம் இன்னும் அதில் இருக்கிறது.

ராஜாக்கள் விஷயத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். 1399இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டை ‘டிபோஸ்’ செய்தார்கள், அதாவது அரியணையிலிருந்து இறக்கினார்கள் என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் 1688 இறுதியில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடிய பிறகு நடந்ததைப் படி. இங்கிலாந்தின் மக்களவை ‘அப்டிகேட்டட்’, தானே துறந்தார் என்றது. பிரபுக்கள் அவை ‘டெசர்ட்டட்’, விட்டுப் போனார் என்று நின்றது. இரண்டிலும் ‘நாங்கள் நீக்கினோம்’ என்ற பேச்சே இல்லை! ஜேம்ஸின் மருமகன் வில்லியமின் படை வந்து இறங்கியிருந்ததும் அந்தச் சொற்களில் தெரியாது. கடைசியில் மக்களவையின் சொல்தான் நின்றது. ஸ்காட்லாந்தோ 1689இல், அரசுரிமையைத் தன் செயல்களாலேயே இழந்தார் என்று நேராகச் சொன்னது. இந்த மூன்றையும் ‘நீக்கினர்’ என்று எழுதினால் அந்தச் சண்டையே காணாமல் போய்விடும்.

அப்புறம், ‘இம்பீச்’. அது குற்றம் சாட்டுவது மட்டும்தான். 1868இல் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் இம்பீச் செய்யப்பட்டார். செனட்டில் அவரை நீக்க ஒரு வாக்கு குறைந்ததால் தப்பித்துப் பதவிக்காலத்தை முடித்தார். அங்கே ‘பதவி நீக்கம்’ என்று போட்டால் பொய்யாகிவிடும்.

ஜேம்ஸ் வரும் அத்தியாயத்தை முதலில் அனுப்பு. மூலத்தின் வினைச்சொற்களைப் பக்கத்திலேயே குறித்துவை. சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்