சனிக்கிழமைத் திண்ணை

கருங்கல்,
ஞாயிறு மாலை.

அன்பு மக்களே,

ஓணத்துக்கு நீ வருவாய் என்று அப்பா வெட்டி வைத்த மட்டி வாழைக்குலை பழுத்துக் கறுத்துப்போக, பாதியை அண்டை வீட்டுக்குக் கொடுத்தோம். குறையாகச் சொல்லவில்லை, வேலை இருந்திருக்கும். ஆனால் தொலைபேசியில் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்பதற்கு மேல் நீ பேசி மூன்று மாதம் ஆகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. இரணியல் வீட்டு விஷயத்தை நான் இதில் எழுதப்போவதில்லை. இங்கே சனிக்கிழமைகளில் நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

படிப்பகத் திண்ணையில் பெண்பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறேன் என்று சொன்னபோது, ஓய்வுபெற்ற பிறகும் நான் பாடம் நடத்துவதாக நீ நினைத்திருப்பாய். நான் நடத்துவதே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் படிக்கும் பிள்ளைகள், ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஆளுக்கொருத்தியைத் தங்கையாக ஏற்று, வாரம் ஒரு மணி நேரம் உடன் உட்காருகிறார்கள். 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டம், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அவர்களிலிருந்தே வழித்துணைகளைத் தேர்ந்தெடுக்கிறது. அதைக் கிராம சுகாதாரச் செவிலியர் விளக்கியபோதுதான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. அக்காமாருக்கு நான் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். கேட்டு முடியும்வரை புத்தி சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் ஒருத்தியின் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அன்றே என்னிடம் வரவேண்டும், நான் இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும், இதைத் தங்கையிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று சனிக்கிழமையும் வாய் திறக்கவில்லை. நானாக இருந்தால் துருவித் துருவிக் கேட்டிருப்பேன். நான்காம் வாரம் அவளுடைய அக்கா, தோவாளையிலிருந்து வந்த பிச்சி மொட்டும் வாழைநாரும் கொண்டுவந்து, "கொஞ்சம் கட்டித் தா" என்றாள், அவ்வளவுதான். இருவரும் குனிந்து கட்டினார்கள். ஒரு முழம் தாண்டியபோது, கண்ணை நாரிலிருந்து எடுக்காமலே, தன் நிறத்தைச் சொல்லி வகுப்பில் கேலி செய்வதாகவும், அதனால் யாருடனும் உட்காராமல் மதியச் சாப்பாட்டைத் தினமும் அப்படியே திருப்பிக் கொண்டுபோவதாகவும் அந்தப் பிள்ளை சொன்னாள். "கவலைப்படாதே" என்று அக்கா சொல்லவில்லை. தானும் எட்டாம் வகுப்பில் இடைவேளை முழுவதும் குழாயடியில் தனியாக நின்றதைச் சொன்னாள். பிறகு யாரிடம், என்ன வார்த்தையில் பேசினாள் என்பதையும் சொன்னாள். அதே வார்த்தைகளைத் தங்கையை உரக்கச் சொல்லவைத்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. ஐந்தாம் தடவை திண்ணையின் மறுகோடியில் இருந்த எனக்கே கேட்டது. அடுத்த வாரம் அவள் தானே வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினாள். கேலி முழுதும் நின்றுவிடவில்லை. ஆனால் சாப்பாட்டுப் பாத்திரம் இப்போது காலியாகத் திரும்புகிறது. நான் சொல்லியிருந்தால், டீச்சர் அப்படித்தான் சொல்வார் என்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நம் கன்னியாகுமரி என்று மேடைதோறும் சொன்னவள் நான். உன் மதிப்பெண்ணையும் அப்படித்தான் ஊரெல்லாம் சொன்னேன். இன்றும் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நீ ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஒரு மாலை அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, ஒரு காரியம்" என்றாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பரீட்சை முடியட்டும்" என்றேன், தலையைக்கூடத் தூக்கவில்லை. பரீட்சை முடிந்தது, நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பேசிய அன்றுதான் அது நினைவுக்கு வந்தது என்று எழுதினால் பொய்யாகும். எனக்கு எப்போதும் நினைவிருந்தது, மக்களே. கேட்கப் பயந்தேன். பிறர் பெற்ற பிள்ளைகளையெல்லாம் பேசு, பேசு என்று தூண்டியவள், உன்னைப் பேசாமல் இருக்கப் பழக்கிவிட்டேன்.

ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்தால் குழித்துறைக்கு அப்பா வண்டி கொண்டுவருவார். அக்காமாருக்கும் ஓர் அக்கா தேவைப்படுகிறாள். திண்ணைக்கு நீ வந்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டும் என்றில்லை. மொட்டு வாங்கி வைக்கிறேன். அடுக்களையில் உட்கார்ந்து கட்டலாம், நீ என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. எந்த நாள் வருகிறாய் என்று அப்பாவிடமாவது சொல்.

உன் அம்மா