வெறும் விடை மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற பிளஸ் ஒன் பிசிக்ஸ் கணக்குகள என் பொண்ணு தவறாம போட்டு பாக்குறா, மொதல்ல அதுக்கு நன்றி. ஆனா கீழ பொடி எழுத்துல வெறும் விடைய மட்டும் போட்டு முடிச்சுடுறீங்க, அதான் என் குறை.

போன வாரம் தரைக்கு மேல 400 கிலோமீட்டர்ல சுத்துற ஸ்பேஸ் ஸ்டேஷனோட வேகம் கேட்டிருந்தீங்க. பூமியோட ஆரம் 6,371அ மறக்காம கூட்டி 6,771ன்னு எடுத்துட்டா என் பொண்ணு (நெறைய பசங்க வெறும் 400அ போட்டு மாட்டிக்குவாங்க), ஃபார்முலாவும் சரி, லாக் டேபிள் பாத்ததும் சரி, கிலோமீட்டர மீட்டரா மாத்த மட்டும் விட்டுட்டா. செகண்டுக்கு 2,42,000 மீட்டர்னு வந்துச்சு. உங்க விடை 7,670. ப்ச்சுன்னு ஒரு கோடு கிழிச்சுட்டு அடுத்த கணக்குக்கு போயிட்டா.

நான் விடல. நீ சொல்ற வேகத்துல போனா பூமிய ஒரு சுத்து சுத்த எவ்ளோ நேரம் ஆகும் பாருன்னேன். பாதை சுமார் 42,500 கிலோமீட்டர், வகுத்தா மூணு நிமிஷம்கூட வரல. "அய்யோ அப்பா, நான் பல்லு வெளக்குறதுக்குள்ள சுத்திடுமே"ன்னு அவளே சிரிச்சுட்டா, நெஜத்துல 92 நிமிஷம் ஆகும்ல. அப்பறம் யூனிட்ல விட்டத அவளே தேடி புடிச்சா, அதோட நிக்காம ஆரம் 1000 மடங்கு தப்பா இருந்தும் வேகம் ஏன் 32 மடங்குதான் தப்பாச்சுன்னு வேற கேட்டா, ஆரம் ஃபார்முலால வர்க்கமூலத்துக்குள்ள இருக்கு, 1000த்தோட வர்க்கமூலம் சுமார் 32, அது சும்மா உக்காந்திருக்கலன்னு அன்னிக்குதான் அவளுக்கு ஒறச்சுது.

இதே கணக்குல அங்க ஈர்ப்பு முடுக்கம் எவ்ளோன்னும் கேட்டிருந்தா 8.7ன்னு வந்திருக்கும் (தரையில 9.8), மேல போனா ஈர்ப்பே இல்ல அதான் மிதக்குறாங்கன்னு சொல்ற பெரியவங்களுக்கும் (நானும் ஒரு காலத்துல சொன்னவன்தான்) அது ஒரு நல்ல குட்டு.

அதனால பத்து கணக்குக்கு பதிலா ரெண்டே ரெண்டு போடுங்க, படத்தோட, யூனிட்டோட, ஸ்டெப் ஸ்டெப்பா. நிலா கணக்குலயே ஆரம்பிக்கலாம். நிலா பூமி ஆரத்த மாதிரி 60 மடங்கு தூரத்துல இருக்கு, ஈர்ப்பு தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கொறையும், அப்போ 9.8அ 60 x 60 = 3,600ஆல வகுத்தா நிலாவோட முடுக்கம் 0.0027. இன்னொரு பக்கம் 3,84,000 கிலோமீட்டர் தூரம், 27.3 நாள் சுத்து, இத மட்டும் வச்சு போட்டாலும் அதே 0.0027. நியூட்டன் போட்டு பாத்த கணக்குங்க இது, அரை பக்கத்துல அடங்கிடும்.

இப்படிக்கு,
ஒரு பிளஸ் ஒன் பொண்ணோட அப்பா,
திருச்சி