பாப்பாவுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள பாப்பா,

இதைக் கோயம்புத்தூரில் உன் வீட்டில் இருந்தபோதே சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை எதிரில் சொன்னால் அவரைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே மார்க் என்ட்ரி போட்டுக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே படிக்கிற பிஎச்.டி.யை விட்டுவிடலாமா என்று கேட்டாய். உனக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்று உன்னையே திட்டிக்கொண்டாய். நான் பார்த்த வரையில் உன் நேரத்தைத் தின்பது குழந்தையும் இல்லை, வகுப்பும் இல்லை. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் எடுக்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறை. பாடம் நடத்த நீ ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. அதே விதிமுறையில், மொத்த வேலை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு என்று அங்கே சொல்லவில்லை. தரை போட்டவர்கள் கூரை போடாமல் விட்ட வீடு அது.

அந்தத் திறந்த இடத்தில்தான் எல்லாம் வந்து விழுகிறது. கல்லூரிக்குத் தரச்சான்று தருகிற நாக் கேட்கும் கோப்பு, பொறியியல் படிப்புக்கு அங்கீகாரம் தருகிற என்பிஏ கேட்கும் கோப்பு, பாடத்துக்கு ஒரு கோர்ஸ் ஃபைல், உன் பொறுப்பில் உள்ள மாணவர்களைப் பற்றி எழுதும் மென்டார் புத்தகம். ஒவ்வொரு கேள்விக்கும் சிஓ (அந்தப் பாடத்தில் கற்க வேண்டியது) எது, அது எந்த பிஓவில் (மொத்தப் படிப்பில் கற்க வேண்டியதில்) சேரும், அட்டெயின்மென்ட், அதாவது அதை எட்டிய அளவு, எவ்வளவு வந்தது என்று ஓயாத கணக்கு. இதெல்லாம் வெறும் வெட்டிவேலை என்று நான் சொல்ல மாட்டேன். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. நம் பொறியியல் படிப்பை வெளிநாட்டில் மதிக்க வேண்டுமானால், மாணவன் என்ன கற்றுக்கொண்டான் என்று காட்டியாக வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் மாணவனுக்குப் புரிந்ததா என்கிற கவலை போய், எக்செல்லில் எண் பொருந்துகிறதா என்கிற கவலை வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு நீ அந்தக் கட்டங்களுக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாய். அந்தக் கலரை யார் கேட்டார்கள்?

நீ சின்னதிலிருந்தே அப்படித்தான். ரெக்கார்டு நோட்டானாலும் கோலப்போட்டியானாலும் முதல் மார்க் வாங்குகிற மாதிரிதான் செய்வாய். அதைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் உங்கள் துறைத்தலைவர் எல்லாவற்றையும் உன் மேஜைக்கே தள்ளுகிறார். ஒரு வேலையை ஒழுங்காக முடித்தவருக்கு ஸ்டாஃப் ரூமில் கிடைக்கும் பரிசு இன்னொரு வேலை. நான் வேலை பார்த்த அரசுக் கல்லூரியிலும் இதுதான் நடந்தது. கோப்பு விஷயத்தில் பாஸ் மார்க் போதும் பாப்பா. தப்பில்லாமல், சொன்ன தேதிக்குள், அவ்வளவுதான். உன் முதல் மார்க்கைப் பாடத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வைத்துக்கொள்.

அப்புறம் இன்னொன்று. யார் விருந்தினராக வந்தாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சந்தனமும் பன்னீரும் ஏந்தி வாசலில் நிற்பது பெண் ஆசிரியர்கள்தான். விடுதியில் ஒரு பெண் அழுதால் கூப்பிடுவதும் உங்களைத்தான். அழுகிற பிள்ளையிடம் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, போ. சந்தனக் கிண்ணத்தை ஒருமுறையாவது உங்கள் துறை ஆண்களிடம் கொடுத்துப் பார்.

எங்கள் காலம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. பேப்பர் வேல்யூவேஷனில் கட்டுக்கட்டாகத் திருத்தி விரல் வீங்கும். ஆனால் அது முடிந்தால் மே மாதம் எங்களுக்குச் சொந்தம். உனக்கு மே மாதம் என்றால் அட்மிஷன். பிளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பர் பட்டியலைக் கையில் கொடுத்து, இத்தனை சீட் நிரப்பு என்று தர்மபுரிக்கும் நாமக்கல்லுக்கும் அனுப்புகிறார்கள். இது ஆசிரியர் வேலையே இல்லை. தனியார் கல்லூரியில் அதை முகத்துக்கு நேரே மறுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மறுக்க முடிகிறவற்றையாவது மறுத்துப் பழகு என்றுதான் சொல்கிறேன்.

சரி, பிஎச்.டி.க்கு வருகிறேன். யுஜிசியின் 2022 விதிமுறையை உட்கார்ந்து ஒருமுறை படி. முடிக்க 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கும் மேலே 2 ஆண்டு, ஆக மொத்தம் 10. மகப்பேறுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பும் உண்டு. உன் கைடிடம் இதைப் பற்றி இதுவரை வாயே திறக்கவில்லை என்றாயே, முதலில் அதைப் பேசு. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் எத்தனை ஆசிரியர்கள் பிஎச்.டி. முடித்திருக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் இருக்கிறது. நீ முடித்தால் கல்லூரிக்கும் லாபம். அதனால் வாரத்தில் ஒரு மதியம் ஆராய்ச்சிக்கு விடுங்கள் என்று கேள், எழுதியே கொடு. சலுகை கேட்கிற குரலில் கேட்காதே.

மாப்பிள்ளை நல்லவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் அவர் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் தட்டுவதில்லை. நீ லேப்டாப்பைத் திறந்தால் குழந்தை மடியில் ஏறிக்கொள்கிறது, அடுப்பில் பால் பொங்குகிறது. சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் நீ கதவைச் சாத்திக்கொள், குழந்தையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை நீதான் பேச வேண்டும். நான் சொன்னால் மாமியார் பேச்சு என்று ஆகிவிடும்.

செமஸ்டர் லீவு விட்டதும் நானும் அப்பாவும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. குழந்தை எங்களோடு இருக்கும், சமையலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மூன்றாவது அத்தியாயத்தை எழுதி முடிக்க வேண்டும். அந்த நாட்களிலும் நாக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாயானால், மறுநாள் வண்டியிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவேன். உன் அப்பா இருந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா