காவிரிக் கரையின் பழைய ஆஸ்பத்திரிகள்: ஒரு திறந்த மடல்

தஞ்சை மாவட்ட ஆட்சியருக்கும், சரசுவதி மகால் நூலகத்தாருக்கும், தஞ்சை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சோழர் கால ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே எல்லோரும் திருமுக்கூடலுக்குப் போய்விடுகிறார்கள். வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கை, வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆள். எல்லாம் சரிதான். ஆனால் அது பாலாற்றங்கரை. காவிரிக்கரைக் கதையை யார் சொல்வது?

தஞ்சாவூரிலேயே சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை என்ற ஆஸ்பத்திரி இருந்தது. அதன் வைத்தியருக்கு மருத்துவக்காணியாக, அதாவது வைத்தியத்துக்கான மானியமாக, நிலம் விட்டவர் குந்தவை. திருவாவடுதுறையில் விக்கிரம சோழன் காலத்தில், 1121 வாக்கில், ஆயுர்வேத நூல்களான சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்த மாணவர்களுக்கு மடத்தில் சாப்பாடு போட ஏற்பாடு இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஆரோக்கியசாலை இருந்தது; தன்வந்திரி சன்னதி இன்றும் அங்கே இருக்கிறது. தரங்கம்பாடிக்கு 1768-இல் டேனிஷ் மிஷன் மருத்துவராக வந்த கோனிக், வைத்தியத்தோடு நம் செடிகொடிகளையும் சேகரித்தார்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலம்தான். 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு (தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு) அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால், சத்திரம் என்றால் வெறும் சோறு போடும் இடம் என்ற நினைப்பு போய்விடும். வழியில் நோய்ப்பட்டவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகும்வரை தங்க இடமும், பிள்ளை பெறும் பெண்ணுக்கு உதவியும் அங்கே உண்டு. பிறகு அவர் நடத்திய வைத்தியசாலையான தன்வந்திரி மகால். அங்கிருந்து மிஞ்சிய கண் சிகிச்சைக் குறிப்புகளில், நோயாளியின் விவரத்துக்குப் பக்கத்திலேயே பழுதான கண்ணை ஓவியர் வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார். இன்றைய கேஸ் ஷீட்டில் போட்டோ ஒட்டுகிறோமே, அதே வேலை!

ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குத் தினமும் வருகிற கூட்டத்தில், அந்தப் பெயர் ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மிராசுதார்கள் பணம் போட்டுக் கட்டிய ஆஸ்பத்திரி என்று வாசலில் நாலு வரி எழுதி வைத்தால் போதும்.

பெருமை பேச மேடை கேட்டு நான் இதை எழுதவில்லை. "அப்போதே நம்மிடம் எல்லாம் இருந்தது" என்கிற வாட்ஸ்அப் பேச்சு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கொஞ்சம் அலுப்பாகவும் இருக்கிறது. எனக்கு வேண்டியது கணக்கு. மருந்துச் சரக்கு எங்கிருந்து வந்தது, வைத்தியருக்கு நெல்லா காசா, யாருக்குச் சிகிச்சை கிடைத்தது, யாரைச் சேர்க்கவில்லை. இதெல்லாம் கல்வெட்டிலும், மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணக் கட்டுகளிலும்தான் கிடைக்கும். மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டது, நல்ல காரியம். மருத்துவம் தொடர்பானவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, மூலத்தின் படத்தோடு, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் போடுங்கள். கண் சிகிச்சைக் குறிப்புகளிலிருந்தே தொடங்கலாம்.

மோடி படிக்க ஆளில்லை என்றால், மருத்துவக் கல்லூரியிலேயே ஞாயிறு வகுப்பு வையுங்கள். கற்றுக்கொள்ள முதல் ஆளாக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர்க்காரன் ஒருவன்